செயலாளர் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு முள்ளிலம் மரத்துக்கு

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, சந்தாவும் பெரும்பாலும் வந்துவிட்டது, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி முள்ளிலம் மரத்துக்கே போனதால் அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நம் பாலக்காட்டுப் பக்கம் தோட்டத்தில் தானாக முளைக்கும் இந்த மரத்தை யாரும் விரும்பி விட்டுவைப்பதில்லை. தண்டு முழுக்க முள், முற்றிய மரத்தில் முள்ளின் அடி கூம்பு கூம்பாகப் புடைத்து நிற்கும், பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் எதற்கு என்று வெட்டிவிடுகிறார்கள். ஆனால் 2018-இல் கேரளம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த புத்தமயூரி முட்டையிடுவது இதன் இலையில்தான், புழு தின்று வளர்வதும் இதைத்தான். மரம் போய்விட்டால் பூச்செடி எத்தனை வைத்தாலும் பூச்சி தேன் குடித்துவிட்டுப் போகுமே தவிர அங்கே பெருகாது. வீடு வீடாகப் போய் இதைத்தான் சொன்னோம். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை.

அப்புறம் சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பலருடைய முகம் மாறியது. சீனாவின் சிச்சுவான் சமையலில் நாக்கை மரத்துப்போக வைக்கும் மிளகு இருக்கிறதே, அதுவும் முள்ளிலமும் ஒரே பேரினம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும்கூட இந்தக் குடும்பம்தான். கோவா, கார்வார், மங்களூர்ப் பக்கம் இதன் காயைத் திர்பல் என்று காசு கொடுத்து வாங்கி, தேங்காய், வற்றல் மிளகாய், புளி சேர்த்து அரைத்து வைக்கும் அயிலை மீன் குழம்பில் லேசாக நசுக்கிப் போடுவார்கள். உள்ளே இருக்கும் பளபளப்பான கறுப்பு விதை பல்லில் மணலாக நெருடும், அதை எடுத்துவிட வேண்டும். மணமும் விறுவிறுப்பும் தோலில்தான் இருக்கின்றன. நம் கூட்டத்தில் அந்தக் குழம்பை வைத்துக் காட்டிய உறுப்பினருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், வெட்டுவதாக இருந்த மரத்தை அதற்குப் பிறகு நிறுத்திவைத்த வீடுகள் உண்டு.

நாற்று வேலை மெதுவாகத்தான் போகிறது. விதையின் மேல் எண்ணெய்ப்பசை இருப்பதால் லேசில் முளைக்காது, பொறுமை வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கை இரண்டுதான்: நடைபாதையை விட்டுத் தள்ளி, வேலியோரமாக முள்ளிலம் வைக்க இடம் தருபவர்கள் இன்றே பெயர் கொடுங்கள், ஏற்கெனவே மரம் இருக்கும் வீட்டுக்காரர்கள் தவிர்க்க முடியாமல் வெட்ட நேர்ந்தால் முதலில் நம்மிடம் சொல்லுங்கள், இலையில் புழு இருக்கிறதா என்று வந்து பார்த்துவிடுகிறோம். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.