குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வீடு தேடி வரும்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. விளையாட்டு விழா நடந்தது. தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம், விளக்கும் வந்துவிட்டது. நூலக அலமாரித் தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

அப்புறம், நலவாழ்வு முகாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முகாமுக்கு வராதவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் பேசினார்கள்.

புற்றுநோய்ப் பரிசோதனை விளக்கத்தையும் குடி, போதையிலிருந்து மீள்வதற்கான ஆலோசனையையும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் வைத்தது என் யோசனை. "குடும்பங்கள் வருகிற இடத்தில் குடிப் பேச்சு எதற்கு?" என்றார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் 1988-லேயே சேர்த்துவிட்டது. குடியால் புற்றுநோய் வரக்கூடிய இடங்கள்: வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகமும். குடியோடு புகையிலையும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பல மடங்கு. இதற்கு இரண்டு மண்டபம் பிடிக்க நான் தயாராக இல்லை.

பெண்கள் நன்றாகவே வந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்பிவி கிருமியால் வருவது, 30 வயதிலிருந்து அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும் என்றார் செவிலியர். மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு என்றதும் பின் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. 'பாசிட்டிவ்' வந்தால் புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது, அடுத்த சோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்கள்? மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்காக, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உறையைச் சிலர் வாங்கிப் போனார்கள். சின்னக் குச்சியால் மலத்தை லேசாகத் தொட்டெடுத்து, குப்பிக்குள் செருகி மூட வேண்டும், வேலை முடிந்தது. ஒருவர் பிரிக்காமலே திருப்பித் தந்து, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்றார். ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் ஐயா இந்தச் சோதனை! கட்டி, ஆறாத வாய்ப்புண், மலத்தில் இரத்தம் என்று எதையாவது கண்டால் முகாமுக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

குடிப்பழக்கத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது. 40-க்கு 8-ஐத் தொட்டாலே யோசிக்க வேண்டிய நிலை. மண்டபத்தில் யாரும் நிரப்பவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். உதவி எண்ணைத் துண்டு துண்டாகக் கிழித்தெடுக்கும்படி வெட்டி, கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அதற்கும் முகம் சுளித்தார்கள். மாலைக்குள் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. யார் எடுத்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

ஆலோசகர் அழுத்திச் சொன்னது ஒன்று: பல காலமாக நாள்தோறும் குடிப்பவரிடம் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கணக்கு விஷயம்: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் வேண்டுவோர் பொருளாளரைப் பார்க்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை. இப்போது கூரையைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

செவிலியர், ஆலோசகர், மண்டபம் தந்தவர்கள், நாற்காலி தூக்கிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். யாரும் கை தூக்காவிட்டால் நானே தொடர வேண்டியதுதான். முகாமில் புற்றுநோய், குடி இரண்டும் சேர்ந்தே நடக்கும். வாசலில் நிற்பவர்களுக்கும் உள்ளே நாற்காலி உண்டு. ரசீதுப் புத்தகம் இன்று வெளியே போகிற வழியில், பொருளாளர் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்