பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான நேர்காணலில், மதுரை மருத்துவர் ஒருவரை ‘வளர்சிதை மாற்றம், ஊட்டச்சத்து மற்றும் முதுமைத் தடுப்பு மருத்துவ நிபுணர்’ என்று அறிமுகப்படுத்தியிருந்தீர்கள். இரவு உணவை நேரத்தோடு முடிப்பது பற்றியும் நடைப்பயிற்சி பற்றியும் அவர் கூறியவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ‘நிபுணர்’ என்ற சொல்லை எந்தப் பட்டத்தைப் பார்த்து அச்சிட்டீர்கள் என்பதே என் கேள்வி. அரசு மருத்துவமனை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். என்பது நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்தது. அதற்கு மேல் பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற 3 ஆண்டுகளும், சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் கோளாறுகளையே பாடமாகக் கொண்ட நாளமில்லாச் சுரப்பியியலில் டி.எம். பட்டம் பெற மேலும் 3 ஆண்டுகளும் ஆகின்றன. இடையில் ஓராண்டும் வீணாகாமல் படித்தாலே பதினொன்றரை ஆண்டுகள். முதுமைத் தடுப்பு என்ற பெயரில் இப்படியொரு பட்டத் துறையைத் தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரிக்கவில்லை. அந்தப் பெயர் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய ஓர் அமைப்பின் வழியாகப் பரவியது. அந்நாட்டிலேயே மருத்துவச் சிறப்புத் துறைகளை ஏற்கும் வாரியம் அதைச் சிறப்புத் துறையாக ஏற்கவில்லை. சில நாள் வகுப்புகளையும் இணையவழிப் பாடங்களையும் முடித்தால் கிடைக்கும் சான்றிதழ்கள் இத்துறையில் பல உண்டு. வேலைக்கு நடுவே மேலும் படிக்கும் மருத்துவரை மதிக்கிறேன். ஆனால் மூன்றாண்டு வார்டில் நின்று பெற்ற பட்டத்தையும் வார இறுதியில் பெற்ற சான்றிதழையும் ஒரே அளவு எழுத்தில் ஒரே வரிசையில் எழுதி வைப்பது நோயாளியை ஏமாற்றுவதற்கு வெகு அருகில் இருக்கிறது.

இதை வெறும் பட்டப் பெயர்ச் சண்டையாக நான் கருதவில்லை. திருமங்கலத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 68. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். கால் மரத்துப்போவதாகவும் எந்நேரமும் அசதியாக இருப்பதாகவும் சொல்லி, நகரில் இத்தகைய பெயர்ப்பலகை வைத்த ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். ஹார்மோன் பரிசோதனைகள் உட்பட இரண்டு பக்கத்துக்கு ரத்தப் பரிசோதனைகள், தோல் பொலிவுக்கு டிரிப்ஸ், தென் அமெரிக்கத் தானியமான கினோவாவும் அவகாடோவும் பாதாம் பாலும் கொண்ட ஓர் உணவுப் பட்டியல் என எல்லாம் கிடைத்தன. மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட், ‘தினம் 1’ என்று எழுதியிருந்தது. பொதுவாக அதை வாரத்துக்கு ஒன்றென எட்டு வாரங்களுக்குத்தான் கொடுப்பார்கள். வைட்டமின் சி மிகுந்தால் சிறுநீரோடு போய்விடும்; வைட்டமின் டி அப்படியன்று, கொழுப்பில் சேர்ந்து தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடுக்கும்.

“ஏன்டா தம்பி, போர்டுல அத்தனை எழுத்து இருக்கே, அவுங்க எழுதுனது தப்பா இருக்குமா?” என்று அக்கா என்னையே திருப்பிக் கேட்டார். நல்லவேளையாக ஆறு பாக்கெட்டுகளோடு நிறுத்த முடிந்தது. அந்த இரண்டு பக்கப் பரிசோதனைகளில் வைட்டமின் பி12 இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுவோருக்கு பி12 குறையலாம், குறைந்தால் கால் மரத்துப்போகலாம் என்பது ஊட்டச்சத்து மருத்துவத்தின் அரிச்சுவடி. வேறொரு பொது மருத்துவர் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார், குறைவாகவே இருந்தது. ஊசி போட்டு வருகிறார். மரப்பு மெல்லக் குறைந்து வருகிறது.

முதுமைத் தடுப்புக்கென ஹார்மோன் ஊசி போடும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990-இல் அமெரிக்காவில், 60 வயதைக் கடந்த 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்ததில் கொழுப்பு குறைந்து தசை கூடியதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. வெறும் பன்னிரண்டு பேர். ஆனாலும் அதைக் காட்டியே பெரிய வியாபாரம் எழுந்தது. மூட்டு வலி, கை கால் வீக்கம், சர்க்கரை ஏறுதல் ஆகிய பக்க விளைவுகளை விளம்பரங்கள் சொல்லவில்லை.

உண்மையான ஊட்டச்சத்து மருத்துவம் நமக்குத் தொலைவில் இல்லை. இன்று ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்தது. தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடுகிறது, நெல்லைப் புழுக்கினால் அதில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடுகிறது என்ற செய்தி அந்தக் கால ஆய்வுகளின் கொடை. பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் விளையும் குதிரைவாலியைப் பற்றி ஒரு வரி இல்லாமல் கினோவாவை எழுதிக் கொடுப்பவருக்கு இந்த வரலாறு தெரியுமோ என்னவோ. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணக்கிட்டுள்ள நிலையில், வளர்சிதை மாற்றத்தை முறையாகக் கற்ற மருத்துவர்கள் இன்னும் பலர் நமக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்றும், ஒரு துறையில் தனித் தகுதி இல்லாமல் அத்துறையின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. பதிவு எண் கிடைத்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். மருத்துவப் பக்கத்தில் இனி யாரை அறிமுகப்படுத்தினாலும் அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தையும் பதிவு எண்ணையும் வெளியிடுமாறும், வேறு சான்றிதழ் இருந்தால் அதை வழங்கியவர் யார், பயிற்சி எத்தனை நாள் என்பதையும் கேட்டு எழுதுமாறும் வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியான அந்தப் பக்கத்தை அக்கா கத்தரித்து வைத்திருக்கிறார். அந்த மருத்துவரிடம் போகலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
திருநகர், மதுரை.