விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: அந்தப் பொண்ணுக்கு 15 நிமிஷம் மேடை குடுங்க

நம்ம ஊர் பொங்கல் விழாக் குழு அண்ணனுங்களுக்கும் தம்பிங்களுக்கும் வணக்கம்.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ராத்திரி கோயில் திடல்ல "பூமி உருண்டையா தட்டையா"ன்னு நடந்த பட்டிமன்றம் பத்தி தான் எழுதறேன். என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், முதல் வரிசைல நீங்க தான் உக்காந்து இருந்தீங்க, அதனால மொதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. நேர்லயே பேசிடலாம்னு ரெண்டு தடவ வந்தேன். ஒரு தடவ "கணக்கு முடிச்சிட்டு இருக்கோம், அப்புறம் வாம்மா"ன்னீங்க, இன்னொரு தடவ "அதான் முடிஞ்சி போச்சேம்மா, சும்மா விளையாட்டுக்கு தான"ன்னீங்க. உங்களுக்கு முடிஞ்சிருக்கலாம், எனக்கு முடியல, அந்தப் புள்ளைக்கும் முடியல. அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான். உருண்டை அணில கடைசியா பேச வந்த ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு, அதே மேடைல, அதே மைக்ல, 15 நிமிஷம் குடுங்க.

"பூமி உருண்டையா தட்டையா"ன்னு தலைப்பு வச்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். சனி ஞாயிறுல என்கிட்ட டியூஷன் வர்ற பசங்க பாதிப் பேரு செல்லுல பூமி தட்டைன்னு சொல்ற வீடியோவ பாத்துட்டு தான் வராங்க, "அக்கா ஈர்ப்பு விசையே பொய்யாமே"ன்னு கேக்கறாங்க, கேக்கட்டும், கேள்வி கேக்கறது நல்லது தான். ஆனா தட்டை அணிக்கு வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்த பேச்சாளருக்கு 20 நிமிஷம், நம்ம ஊர் பொண்ணுக்கு 3 நிமிஷம்னு வச்சீங்க பாருங்க, அது எந்த ஊர் நியாயம்?

அவர் நல்லா தான் பேசினாரு, கைதட்டல் வாங்கத் தெரிஞ்சவரு. "மாங்கா காத்த விட கனம், அதனால விழுது, பலூன் காத்த விட லேசு, அதனால பறக்குது, இதுல ஈர்ப்பு விசை எங்கய்யா வந்துச்சு, எல்லாம் அடர்த்தி தான்"னாரு. "ஓசூர்ல ஒரு ஹெலிகாப்டர் மேல போயி ஒரு மணி நேரம் அப்படியே நின்னா, கீழ பூமி 1600 கிலோமீட்டர் சுத்தி இருக்குமே, எறங்கறப்ப அரபிக் கடல்ல இல்ல எறங்கணும்"னாரு. "பூமி உருண்டைன்னா பைலட்டு அப்பப்போ விமானத்தோட மூக்க கீழ அழுத்திட்டே போவணும், இல்லன்னா நேரா ஆகாசத்துக்குப் போயிடும், நீங்க யாராச்சும் அப்படி மூக்கு எறங்கி பாத்திருக்கீங்களா"ன்னாரு. கூட்டம் ஓஓன்னு கத்துச்சு. நடுவரும் "விமானமே தலை குனியல, அப்போ பூமியும் வளையல, தட்டை அணியே வெற்றி"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. சின்னப் பசங்க எல்லாம் அத உண்மைன்னு நெனச்சிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. மறுநாளே ஆறாவது படிக்கிற ஒரு பையன் வந்து "அக்கா தீர்ப்பு வந்திடுச்சுக்கா"ன்னு சொல்றான். கோர்ட்டு தீர்ப்பு மாதிரி சொல்றான்.

இப்ப அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வரேன். அவ கொட்டாய்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போறவ, அப்பா புளி மண்டில மூட்டை தூக்கறாரு. பட்டிமன்றத்துக்கு பேர் குடுத்ததுல இருந்து ரெண்டு வாரம் தூக்கமில்லாம தயார் பண்ணா. 1971ல அப்போலோ 15ல நிலாவுக்குப் போன டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒண்ணா கீழ விட்டாரு, ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு, அந்த வீடியோவ காட்டலாம்னு நான் தான் சொன்னேன். "வேணாம்க்கா, அத கிராபிக்ஸ்னு சொல்லிடுவாங்க, கண்ணு முன்னால செஞ்சி காட்டணும்"னு அவ தான் பாட்டில் யோசனைய புடிச்சா.

ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலு. அவங்கப்பா மூட்டை தைக்கிற கோணி ஊசிய அடுப்புல காய வச்சி, பாட்டிலோட அடிப்பக்கம் சைடுல ஒரு ஓட்டை. தண்ணி ஊத்தி மூடிய தொறந்து வச்சா சர்ருனு பீச்சும். அந்தப் பாட்டில அப்படியே மேல இருந்து கைய விட்டுடணும். கீழ விழுந்துட்டு இருக்கற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி வெளிய வராது. எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து விட்டு, கீழ நான் நின்னு செல்லுல ஸ்லோ மோஷன்ல புடிச்சேன், முக்கா செகண்டுக்குள்ள தரைக்கு வந்துடுது, ஆனா அந்த முக்கா செகண்டும் பீச்சு அப்படியே அறுந்து நிக்கறது தெளிவா தெரியுது. அத பாத்துட்டு அந்தப் புள்ள குதிச்ச குதிய நீங்க பாத்திருக்கணும். அன்னைக்கு மட்டும் பதினோரு பாட்டில் உடைஞ்சிது.

இதுல என்ன இருக்குன்னு கேட்டா, இதுல தான் எல்லாம் இருக்கு. அடர்த்தி தான் காரணம்னா, விழறப்பவும் தண்ணியோட அடர்த்தி மாறலயே, அப்பவும் காத்த விட சுமார் 800 மடங்கு கனம் தானே, அப்ப ஏன் பீச்சு நிக்குது? ஏன்னா தண்ணி பீச்சுறது மேல இருக்கற தண்ணியோட எடை கீழ அழுத்தறதால. பாட்டிலும் தண்ணியும் ஒண்ணா விழும்போது யாரும் யார் மேலயும் அழுத்தல. பலூனுக்கும் இதே கணக்கு தான். மேல தள்ற விசையே காத்தோட எடையால வர்றது, எடை இல்லாத எடத்துல பலூன் மேல போகவே போகாது. அடர்த்திங்கறது வெறும் ஒரு நம்பரு, அதுக்கு மேல கீழன்னு தெசை கெடையாது. கீழங்கற தெசைய குடுக்கறது எது? அத தான் ஈர்ப்பு விசைன்னு சொல்றோம். இவ்ளோ தான் அவ சொல்ல வந்தது.

மேடைல என்ன ஆச்சு? வணக்கம் சொல்லி, நடுவருக்கு நன்றி சொல்லி, எதிர் அணி சொன்னத ஒரு வரில சொல்லி முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. பிளாஸ்டிக் சேர் மேல ஏறி, ஓட்டைய விரலால மூடிக்கிட்டு பாட்டில தூக்கறா, நீங்க மணி அடிச்சிட்டீங்க. "ஒரு நிமிஷம் அண்ணா"ன்னு கேட்டா. மைக்க வாங்கிட்டீங்க. பதட்டத்துல விரலு நகந்து தண்ணி அவ பாவாடை மேல எல்லாம் பீச்சிடுச்சு. அப்ப கூட்டத்துல இருந்து யாரோ ஒருத்தர் கத்துன வார்த்தைய நான் இங்க எழுத மாட்டேன், உங்க காதுலயும் விழுந்துச்சு. அத கேட்டு மேடைல இருந்த பெரியவங்களும் சிரிச்சீங்க. அவ சேர்ல இருந்து எறங்கத் தெரியாம கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. நான் தான் போயி கைய புடிச்சி எறக்குனேன், கை ஜில்லுனு இருந்துச்சு.

அதுக்கப்புறம் அவ டியூஷனுக்கு வரல. வீட்டுக்குப் போனா "தலைவலி"ங்கறா. அவங்க அம்மா "இனிமே மேடை கீடைன்னு எதுவும் வேணாம்மா, நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆயிடுச்சு"ன்னு சொல்றாங்க. அவங்கள நான் குத்தம் சொல்லல.

அவளுக்கு 15 நிமிஷம் குடுத்திருந்தீங்கன்னா மத்த கேள்விக்கும் பதில் சொல்லி இருப்பா, எல்லாத்தையும் நோட்ல எழுதி வச்சிருந்தா. ஹெலிகாப்டர் கேள்விக்கு எலுமிச்சம்பழம் வச்சிருந்தா. நான் தெனமும் ஓசூருக்கு கம்பெனி பஸ்ல போறவ, சூளகிரி தாண்டி பஸ்சு 80ல போகும்போது பழத்த மேல தூக்கிப் போட்டு பாத்தேன், அவ சொல்லித் தான். அது அரை செகண்டு காத்துல இருக்கறதுக்குள்ள பஸ்சு 11 மீட்டர் முன்னாடி போயிடுது, நியாயமா பழம் பின் கண்ணாடில போயி அடிக்கணும், ஆனா என் கைல தான் விழுந்துச்சு. பஸ்சோட வேகம் பழத்துக்கும் இருக்கு, உள்ள இருக்கற காத்துக்கும் இருக்கு. அதே மாதிரி நம்ம மாவட்டம் மணிக்கு சுமார் 1630 கிலோமீட்டர் வேகத்துல கிழக்கால சுத்துதுன்னா, ஹெலிகாப்டரும் அத சுத்தி இருக்கற காத்தும் கூடவே தான் சுத்துது. ஸ்ரீஹரிகோட்டால ஜிஎஸ்எல்வி ராக்கெட்ட கிழக்குப் பக்கமா விடறதே இந்த வேகத்த இனாமா வாங்கிக்கத் தான், நொடிக்கு 450 மீட்டர் கிட்ட பூமியே தள்ளி விடுது.

விமானத்தோட மூக்கு விஷயம் தான் எனக்கு ரொம்ப ஆத்திரம், ஏன்னா தீர்ப்பே அத வச்சி தான் வந்துச்சு. பூமியோட சுத்தளவு 40,000 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 போகுதுன்னா, ஒரு மணி நேரத்துக்கு 8 டிகிரி திரும்புது, அப்ப ஒரு நிமிஷத்துக்கு 0.13 டிகிரி. உள்ள உக்காந்து இருக்கறவருக்கு அது எங்க தெரியப் போகுது? அதுவும் பைலட்டு அழுத்தி வர்ற வளைவு இல்ல. அந்தக் காலத்து செக்கு மாட்ட நெனச்சிப் பாருங்க, அது தன் மூக்குக்கு நேரா தான் நடக்கும், ஆனா சுத்தி சுத்தி தான் வரும், வளைக்கிறது நடுவுல கட்டி இருக்கற கட்டை. விமானத்துக்கு அந்தக் கட்டை பூமியோட ஈர்ப்பு. றெக்கை மேல தூக்கறதும் எடை கீழ இழுக்கறதும் கிட்டத்தட்ட சமமா இருக்கற வரைக்கும் அது ஒரே உயரத்துல பூமிய ஒட்டியே வளைஞ்சி போகும். அந்தப் பொண்ணு செக்கு படமே வரைஞ்சி வச்சிருக்கா நோட்ல.

கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் தண்ணி தட்டையா இருக்கேன்னு அந்தப் பேச்சாளர் போட்டோ காட்டினாரே, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு வளைவு 8 சென்டிமீட்டர் தான், அத செல்போன் போட்டோல தேடுனா எங்க கெடைக்கும்? பூமிங்கற தட்டு மொத்தமா வேகம் கூடிக்கிட்டே மேல போயிட்டு இருக்கு, அதான் பொருள் கீழ விழற மாதிரி தெரியுதுன்னு கடைசில ஒண்ணு சொன்னாரு, அது கேக்க கொஞ்சம் கெட்டிக்காரத்தனமா தான் இருக்கு, பாட்டில் சோதனையால அத மடக்க முடியாது, நான் ஒத்துக்கறேன். ஆனா ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழற பொருளோட வேகம் ஒவ்வொரு நொடிக்கும் எவ்ளோ கூடுதுங்கறது, பூமத்திய ரேகைல நொடிக்கு 9.78 மீட்டர், துருவத்துல 9.83. ஒரே தட்டு ஒண்ணா மேல போனா எல்லா எடத்துலயும் ஒரே அளவு தானே இருக்கணும்? 100 கிலோ மண்டி புளிய பூமத்திய ரேகைல ஸ்பிரிங் தராசுல நிறுத்துட்டு, துருவத்துக்கு அதே தராசோட தூக்கிட்டுப் போனா அரை கிலோ கூட காட்டும். அவங்கப்பா இத கேட்டுட்டு "அரை கிலோன்னா சும்மாவா"ன்னு கேட்டாராம், அத சொல்லி சொல்லி சிரிச்சா.

இவ்ளோவும் தெரிஞ்ச புள்ள அது. பள்ளிக்கூடத்துல "ஈர்ப்பு விசை வரையறு, 2 மார்க்"குன்னு மனப்பாடம் பண்ணி எழுதற பசங்க தான் நம்ம ஊர்ல முக்காவாசி, லேப்ப வருஷத்துக்கு ஒருக்கா தூசி தட்ட தான் தொறக்கறாங்க. எருது விடற விழாவுக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கறோம், கட்டை கட்டறோம், ஊரே கூடுது, வேணாம்னு சொல்லல, எங்க வீட்டு எருதும் ஓடி இருக்கு. ஆனா ஒரு புள்ள தானா யோசிச்சி தானா செஞ்சி காட்ட வந்தா அதுக்கு 3 நிமிஷமும் ஒரு மணியும். நம்ம பக்கத்துல இன்னும் ஒன்பதாவது பத்தாவதோட பொண்ணுங்கள நிறுத்தி கட்டிக் குடுக்கற பழக்கம் போகல, உங்களுக்குத் தெரியாததில்ல. நாலு பேர் சிரிச்சிட்டாங்கன்னு ஒரு வீட்ல முடிவு எடுத்தா அந்தப் புள்ளையோட படிப்பு அன்னையோட நின்னு போகும். அப்ப யாரு வந்து மணி அடிப்பீங்க? கோவத்துல எழுதிட்டேன், ஆனா அழிக்கப் போறதில்ல.

அண்ணனுங்களா, நான் உங்களுக்கு எதிரி இல்ல. போன வருஷம் ஏரில தூர் வார்னப்போ உங்க கூட நின்னு மண்ணு அள்ளினவ தான். அதனால உரிமையா கேக்கறேன், பணிவாவும் கேக்கறேன். சித்திரைல மாரியம்மன் திருவிழாவுக்கு திடல்ல எப்படியும் மேடை போடுவீங்க. கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு 15 நிமிஷம் குடுங்க. அதுக்கு முன்னாடி குழு சார்புல ஒருத்தர் மைக்குல "அன்னைக்கு குடுத்த தீர்ப்பு பேச்சுக்கு தான், பூமிக்கு இல்ல"ன்னு ஒரு வரி சொல்லிடுங்க, சின்னப் பசங்க காதுல விழட்டும். அன்னைக்கு கத்துனவரு யாருன்னு நான் கேக்கல, ஆனா சிரிச்சவங்கள்ல ஒருத்தராச்சும் அவ வீட்டுக்குப் போயி "வாம்மா, வந்து செஞ்சி காட்டு"ன்னு கூப்பிடணும். நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறா, ஊர் கூப்பிட்டா வருவா.

பாட்டிலு, பக்கெட்டு, ஏணி எல்லாம் என் பொறுப்பு. சேர் வேணாம், மேடை ஓரத்துல ஏணிய சாத்திக்கறோம், கீழ மெத்தையா வைக்கோல் போட்டா பாட்டில் உடையாது. ஸ்லோ மோஷன் வீடியோவ பெரிய திரைல காட்ட முடியும்னா சொல்லுங்க, நான் ஒயர் கொண்டு வரேன். ஞாயித்துக்கிழமை காலைல நான் வீட்ல தான் இருப்பேன், ஒரு போன் பண்ணி "சரிம்மா"ன்னு சொன்னா போதும், அப்பவே கெளம்பி அவ கொட்டாய்க்குப் போயி சொல்லிட்டு வரேன்.

இப்படிக்கு
உங்க ஊர் பொண்ணு,
பசங்களுக்கு டியூஷன் அக்கா