ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புக்குள் மழைத் தண்ணீர் புகுந்த அந்த ராத்திரி என்ன ஆனது என்று உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் வந்து பார்த்தவர்கள்தான். அதைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை. நேற்று சாயங்காலம், கடைசிப் பையனின் டூப்ளிகேட் மார்க் ஷீட் விண்ணப்பத்திலும் அவன் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்பது நாளைக்குப் பிறகு நேற்றுதான் முழுசாகத் தூங்கினேன். எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. சான்றிதழ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வருகிறார்கள் என்று வகுப்பில் இருந்த 23 பேரிடமும் ஒரிஜினல்களை முந்தின வாரமே வாங்கி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டியது நான். பூட்டு பத்திரமாக இருந்தது. தண்ணீருக்குப் பூட்டு ஏது?

என் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-இல் மில்லை மூடிய பிறகும் அவருடைய சம்பளச் சீட்டு, பி.எஃப். தாள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஐப்பசி பிறந்தால் அந்தப் பெட்டி பரணுக்கு ஏறிவிடும், பொங்கலுக்குத்தான் இறங்கும். அவருக்கு யாரும் ‘வாழ்க்கைத் திறன்’ வகுப்பு எடுக்கவில்லை. நான்தான் ஊருக்கு எடுக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பத்து வாழ்க்கைத் திறன்களையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். கடைசி இரண்டும் கரைந்துபோய்விட்டன: உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல். அன்றைக்குக் காலையில் என்னைப் பார்த்தவர்கள் இதற்கு மட்டும் சிரிக்கலாம்.

பீரோவைத் திறந்தபோது கட்டு கட்டாக, ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. மாடி வீட்டு அம்மா ஹாலைத் திறந்துவிட்டார். கரண்ட் இல்லை. அவசரத்தில் ஒரு பையன் இஸ்திரி வண்டிக்காரரின் கரிப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நானும் சரி, தேய்த்து எடுத்துவிடலாம் என்றேன். மேலே இருந்த தாளில் பெட்டி படப்போகிற நேரம், படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

“ஏய், எடுடா அந்தப் பெட்டிய! சூடு பட்டா டோனர் எளகி ஒட்டிக்கும். மார்க்கெல்லாம் பெட்டியோட போயிடும்.”

ஜெராக்ஸ் கடை அக்கா. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்காதான். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல் இரண்டு ரீம் ஏ4 தாள், பிரிக்காதது, ஒரு சொட்டு ஈரம் படாதது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் முன்பு வரை எங்கள் வகுப்பின் பிரிண்ட், ஜெராக்ஸ் எல்லாம் அக்கா கடையில்தான். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்பது அதிகம் என்று கணக்குப் போட்டு, நாங்களே ஒரு பிரிண்டர் வாங்கினோம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் போனைக் காதில் வைத்துக்கொள்வேன். ரீமோடு அவர் படியேறி வந்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவருக்கு என் முகத்தைப் பார்க்க நேரமில்லை. உட்கார்ந்தார், வேலையை ஆரம்பித்தார். “நடுவுல புடிச்சு இழுக்காதீங்க டீச்சர், மூலையிலேர்ந்து மெதுவா.” ஈரத் தாள் ஒன்று, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒன்று, மறுபடி ஈரத் தாள். நியூஸ் பேப்பர் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினார், மை ஒட்டுமாம். வெயிலிலும் போடவிடவில்லை, சுருட்டிக்கொள்ளுமாம். அரை மணிக்கு ஒருதரம் வெள்ளைத் தாளை மாற்ற வேண்டும். ஃபேன் ஓடாததால் பசங்கள் வரிசையாக உட்கார்ந்து பரீட்சை அட்டையால் விசிறினார்கள். நடுவே ஒருவன் தூங்கி விழுந்தபோது அக்கா அவன் கையில் டீயைத் திணித்துவிட்டு, அவன் அட்டையை வாங்கித் தானே விசிறினார். ராத்திரி பதினொரு மணி வரை இருந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் நுழைந்திருந்தது என்பது எனக்கு மறுநாள்தான், அதுவும் வேறு யாரோ சொல்லித் தெரிந்தது.

23 பேரில் 14 பேருடைய தாள்கள் அப்படித்தான் பிழைத்தன. கறை இருக்கிறது, மடங்கல் இருக்கிறது, ஆனால் எண்ணும் மதிப்பெண்ணும் சீலும் தெரிகின்றன.

மிச்சம் 9 பேருக்கு டூப்ளிகேட்தான் வழி. அதற்குப் பதிவெண்ணும் தேர்வெழுதிய மாதம், வருடமும் வேண்டும். பசங்களைக் கேட்டால் மார்க் தெரிகிறது, பதிவெண் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? கரண்ட் வந்த அன்றைக்கு அக்கா கடையில் கம்ப்யூட்டரைப் போட்டார். ஸ்கேன் எடுக்க, பிரிண்ட் எடுக்க என்று பசங்கள் கடை மெயிலுக்கு அனுப்பியது எதையும் அவர் அழித்ததில்லை. நாங்கள் பிரிண்டர் வாங்கிய பிறகும் பசங்கள் ரெஸ்யூமேவை அவரிடம்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். எழுத்துப் பிழை பார்த்துத் தருவாராம். எனக்கு இது தெரியாது.

தேடுவதுதான் பெரும்பாடு. வகுப்பில் சேரும்முன் இவர்கள் வைத்திருந்த மெயில் ஐடிகளை நீங்கள் பார்க்க வேண்டும். கெத்து பையன், தனிக்காட்டு ராஜா, கூடவே ஒரு நம்பர். எந்த ராஜா யார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் 7 பேருடைய மார்க் ஷீட் கிடைத்துவிட்டது. ஒருவனுக்கு அரசின் ஆன்லைன் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருந்தது. இன்னொருவனுக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில்.

தேடும்போதே அக்கா இன்னொன்றையும் பார்த்திருக்கிறார். “டீச்சர், இவனுக்கு மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கு, ஆதார்ல பின்னாடி, பான் கார்டுல அப்பா பேரு முழுசா. வேலையில சேர்ந்தப்புறம் பி.எஃப்.ல மாட்டிப்பான்.” அப்படி ஐந்து பேர். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் போடும்போது ஆதாரில் உள்ள பெயர்தான் பேசும். மூன்று மாதம் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்ற ஒரு கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அவன் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

பசங்கள் சொன்ன ஒரு கதையும் உண்டு. இந்த ஏரியா பெயரைப் பார்த்தாலே சில இடங்களில் கூப்பிடுவதில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒருவன் ரெஸ்யூமேவில் வியாசர்பாடியை எடுத்துவிட்டுப் பெரம்பூர் என்று போடச் சொல்லியிருக்கிறான். அக்கா அடிக்க மாட்டேன் என்றாராம். “ஊர மாத்துவே. 600039-ஐ என்னடா பண்ணுவே?” அவன் வியாசர்பாடி என்றே போட்டுக்கொண்டு போனான். வேலை கிடைத்தது என்று எழுத ஆசைதான். அந்த இடத்தில் கிடைக்கவில்லை, அடுத்த இடத்தில் கிடைத்தது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிக் கிடந்தபோது சுற்றிக்கொண்டு வந்தும் மீட்டருக்கு மேல் வாங்காத ஆட்டோ அண்ணன்கள், லீவு போட்டுச் சேறு வாரிய பழைய மாணவர்கள், சேர வேண்டிய தேதியைக் கேட்டதுமே தள்ளிவைத்த கம்பெனி எச்.ஆர். மேடம், தொலைந்ததற்கான சான்றை அலையவிடாமல் எழுதிக்கொடுத்த அலுவலக ஊழியர்கள், கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்துக்குள் வழி தெரியாமல் நின்ற எங்களை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை நடந்தே கூட்டிப்போன பெரியவர், மூன்று நாள் சாம்பார் சாதம் போட்ட தெருப் பெண்கள், கரிப்பெட்டி காணோம் என்று தேடிக்கொண்டிருந்த இஸ்திரி அண்ணன் (திருப்பிக் கொடுத்தாகிவிட்டது): எல்லோருக்கும் நன்றி.

இனி எவருடைய ஒரிஜினலையும் நான் கையில் வாங்கமாட்டேன். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று கல்லூரிகளுக்கே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-இல் சொல்லிவிட்டது. எனக்கு மட்டும் பீரோ எதற்கு? வருகிறவர் வரட்டும், பிள்ளைகள் அன்றைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அடுத்த பேட்ச்சின் முதல் நாள் சுய அறிமுகம் கிடையாது. டிஜிலாக்கர் திறப்பதும், நான்கு தாளில் இருக்கும் பெயரை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பதும்தான். அதை எடுக்க அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன். கடையை யார் பார்த்துக்கொள்வது என்கிறார். பசங்கள் இரண்டு பேர் நாங்கள் உட்காருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி, தூங்கப் போகும் முன், இரண்டு ரீமுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“ஒங்க பிரிண்டரும் தண்ணியில போயிடுச்சாமே?”

ஆமாம் அக்கா, இனிமேல் எல்லாம் உங்களிடம்தான் என்றேன்.

“வாங்க. ஆனா ரெண்டு ரூபாதான். கொறைக்க மாட்டேன்.”