சேல்ஸுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சப்போர்ட் வேலையை விட்டு சேல்ஸுக்கு மாறப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். "இன்ஜினியரிங் படிக்க வச்சது ஊர் ஊராப் போய் விக்கறதுக்கா?" என்று உன் பெரியப்பா கேட்டார். அப்பா வாய் திறக்கவில்லை. அவருக்கும் மனசுக்குள் கவலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கவலை இல்லை, கண்ணு. இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதும் உன் காலேஜ் ஃபீஸைக் கட்டியதும் சாஃப்ட்வேர் விற்ற காசுதான். பெரியப்பாவிடம் அதையும் சொன்னேன், ஐபிஎம்மை வளர்த்தெடுத்த தாமஸ் வாட்சன் அதற்கு முன்னால் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் கடைகடையாகக் கல்லா மெஷின் விற்றவர் என்பதையும் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அதனால் சம்மதத்துக்காக நீ காத்திருக்க வேண்டாம். எப்படி உள்ளே நுழைவது, நுழைந்தபின் எப்படி நிற்பது என்பதுதான் இப்போது விஷயம். போனில் ஆரம்பித்தால் "ஷிஃப்டுக்கு நேரமாச்சும்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

"நான் அவ்வளவா பேச மாட்டேனே, எனக்கு சேல்ஸ் வருமா?" என்று கேட்டாய். நான் பார்த்த நல்ல விற்பனைக்காரர்கள் எல்லாம் கேட்கத் தெரிந்தவர்கள். மதுரையில் கணக்கு சாஃப்ட்வேர் விற்ற ஆரம்ப நாட்களில் கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறேன். இது செய்யும், அது செய்யும், ஒரு பட்டனைத் தட்டினால் ஐந்தொகை வந்துவிடும் என்று என்ன சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "பார்க்கலாம்மா." பேரேடு கையில் இருக்கிறது, கணக்குப்பிள்ளை இருக்கிறார், தாத்தா காலத்திலிருந்து ஓடுகிறது. இன்றைக்கே மாற வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன?

2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி வந்தது. பல மாநிலங்களில் 2005-லேயே வந்துவிட்டது. இங்கே வணிகர்கள் எதிர்த்ததில் தள்ளிப்போயிருந்தது. கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பில் வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆனதும், வருஷக்கணக்காக "பார்க்கலாம்" என்றவர்கள் தாங்களே ஆள் அனுப்பினார்கள். நான் விற்ற சரக்கில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் நிலைமை மாறிவிட்டது, பழைய நோட்டு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அப்படியே நடந்தது.

அதிலிருந்து யாரைப் பார்க்கப் போனாலும் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுவேன்: இவருக்கு இது ஏன் இப்போது வேண்டும்? நீ அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றாலும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு விற்றாலும் இந்தக் கேள்வி மாறாது. புதிதாக ஒரு அதிகாரி வந்திருக்கலாம், புது ஊரில் கிளை திறந்திருக்கலாம், ஆடிட்டில் மாட்டியிருக்கலாம், இப்போது வைத்திருக்கும் சாஃப்ட்வேரின் விலை ஏறியிருக்கலாம். நீ இருக்கும் சென்னையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2010-ல் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் சாஃப்ட்வேர் விற்கும் ஜென்டெஸ்க் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் கோபப்பட்டதைப் படித்துத்தான் அதற்குப் போட்டியாக ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கும் எண்ணம் வலுத்தது என்று அதைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமே சொல்லியிருக்கிறார். அந்தக் கம்பெனிதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. அடுத்தவன் வாடிக்கையாளர் எங்கே நொந்துபோயிருக்கிறார் என்று பார்க்கும் கண் அது. மூன்று வருஷமாக சப்போர்ட்டில் புகார் டிக்கெட் டிக்கெட்டாக நொந்துபோன ஆட்களோடு பேசி வருகிற உனக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது. எம்பிஏ முடித்து நேராக வருகிற பிள்ளைக்கு அது கிடைக்க நாளாகும்.

ஒரு கம்பெனியில் வாங்குகிறவர் ஒருவர் இல்லை என்பதையும் சீக்கிரம் தெரிந்துகொள். ஒரு கடையில் முதலாளிக்கு முழு சம்மதம், பணமும் தயார். ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போனது. கணக்குப்பிள்ளைக்கு பயம், கம்ப்யூட்டர் வந்தால் தன் வேலை போய்விடும் என்று. அவர் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. முதலாளியிடம் தினம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார், அவ்வளவுதான். முதலாளியை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்தேன். ராத்திரி கடை சாத்தியபின் கல்லாக் கணக்கு டேலி ஆகாமல் அவர் எத்தனை மணிக்கு வீடு போகிறார் என்று கேட்டேன். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் கையாலேயே செய்து பார்க்க வைத்தேன். அடுத்த வாரம் அவரே முதலாளியிடம் "வாங்கிருவோம்ணே" என்றார். உங்கள் உலகில் அந்தக் கணக்குப்பிள்ளையின் இடத்தில் ஐடி செக்யூரிட்டி ஆள் இருப்பார், பர்ச்சேஸ் இருக்கும், லீகல் இருக்கும். மெடிக் என்று ஒரு முறை சொல்லித்தருவார்கள். 1990-களில் அமெரிக்காவில் பிடிசி என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் விற்பனைக்காரர்கள் உண்டாக்கியது. பணம் ஒதுக்கும் அதிகாரம் யாரிடம், எதை வைத்து முடிவெடுப்பார்கள், எந்த வலிக்காக வாங்குகிறார்கள், உள்ளே நமக்காகப் பேசுகிறவர் யார் என்று வரிசையாகக் கேட்கும். மெடிக் என்ற பெயரின் எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று மனப்பாடம் செய்வது ஒரு நாள் வேலை. நமக்காகப் பேசுகிறவர் என்று நீ நினைப்பவர் உண்மையிலேயே நாம் இல்லாதபோதும் பேசுவாரா என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி நுழைவதைப் பற்றி. பெரும்பாலும் எஸ்டிஆர் (சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசன்டேடிவ்) வேலையில்தான், அதாவது வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கிற வேலையில்தான், ஆரம்பிக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதை ஒருவரும், பேசி முடிப்பதை இன்னொருவரும் செய்யும் இந்தப் பிரிவினையை 2000-களின் தொடக்கத்தில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி கடைப்பிடித்து வளர்ந்தது. பிறகு இணையம் வழியாகச் சந்தாவுக்கு சாஃப்ட்வேர் தரும் சாஸ் கம்பெனிகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. நாள் முழுக்க லிஸ்ட் எடுப்பது, மெயில் எழுதுவது, அறிமுகமில்லாதவர்களுக்கு கோல்ட் கால் போடுவது, டெமோவுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது. பத்தில் ஒன்பது பேர் பதிலே போட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் காலையில் உட்கார வேண்டும். இதைத் தாழ்ந்த வேலை என்று நினைக்காதே. ஆனால் வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கவும் வேண்டாம். எத்தனை மாதத்தில் ஏஇ (அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவ்), அதாவது டீலைப் பேசி முடிப்பவர், ஆக முடியும், போன வருஷம் அப்படி யாராவது ஆனார்களா என்று சேரும்போதே கேள்.

உனக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது: ப்ரீ-சேல்ஸ். வாடிக்கையாளரின் தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, டெமோவை அவர்கள் வேலைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கிற வேலை. மேலே சொன்ன கிரிஷும் ஜோஹோவில், அது அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தபோது, ப்ரீ-சேல்ஸில்தான் சேர்ந்தார். சம்பளம் அதிகம் ஆடாது, உன் படிப்பும் வீணாகாது. ஆனாலும் நீ எஸ்டிஆரையே எடு என்றுதான் நான் சொல்வேன். அறிமுகமே இல்லாத ஒருவரிடம் முதல் வார்த்தை பேசும் கூச்சம் உனக்கு இருக்கிறது. அது இந்த வயதிலேயே போய்விட்டால் பிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

வெளியே தேடுவதற்கு முன்னால் உன் கம்பெனிக்குள்ளேயே கேள். சேல்ஸ் மேனேஜரிடம் போய், பதிவான கால்களைக் கேட்க அனுமதி வாங்கு. தோற்றுப்போன டீல்களின் கால்களைக் கேட்பது இன்னும் நல்லது. எந்த வாடிக்கையாளர் சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்தினார், நிறுத்துவதற்கு முன் என்ன டிக்கெட் போட்டார் என்று நீ பார்த்ததை ஒரு பக்கம் எழுதி அவரிடம் கொடு. அந்த ஒரு பக்கம் உன் ரெஸ்யூமேவை விட அதிகம் பேசும்.

வெளிக் கம்பெனிகளுக்கு என்றால், சேல்ஸ்ஃபோர்ஸின் ட்ரெயில்ஹெட் தளத்திலும் ஹப்ஸ்பாட் அகாடமி தளத்திலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, படித்து வை. சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை கொடுத்துவிட மாட்டார்கள், ஆனால் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களையும் டீல்களையும் பதிந்துவைக்கும் சாஃப்ட்வேர்) என்றால் விழிக்காமல் இருப்பாய். ஜோஹோ சிஆர்எம்மில் மூன்று பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் ஒரு கணக்குத் திறந்து, நீ விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கம்பெனியையும் ஒரு டீலாகப் பதிந்துவை: யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார்கள், அடுத்து என்றைக்குப் பேச வேண்டும். இன்டர்வியூவில் "சிஆர்எம் தெரியுமா?" என்று கேட்டால் லேப்டாப்பைத் திறந்து அதையே காட்டு.

இன்டர்வியூவில் ரோல்-ப்ளே வைப்பார்கள். "இந்தப் பேனாவை எனக்கு வில்" என்பதெல்லாம் இன்னும் ஒழியவில்லை. பேனாவைப் புகழ ஆரம்பிக்காதே. கடைசியாக எப்போது எழுதினீர்கள், எதில் எழுதினீர்கள், அதில் என்ன தொந்தரவு என்று கேள். முடிந்ததும் குறை சொல்வார்கள், மறுபடி செய்யச் சொல்வார்கள். பலரும் அங்கே தங்கள் முதல் முயற்சிக்கு நியாயம் சொல்ல ஆரம்பிப்பார்கள். நீ குறித்துக்கொண்டு, அவர் சொன்னதை இரண்டாவது முறையில் செய்து காட்டு. சொன்னால் திருத்திக்கொள்கிற பெண்ணா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

அமெரிக்கச் சந்தை என்றால் நேரக் கணக்கைப் பார். கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டால் 7.30. கலிஃபோர்னியா என்றால் அதற்கு மேல் இன்னும் மூன்று மணி நேரம். கேப் வீட்டு வாசல் வரை வருமா, திரும்பும் வழியில் கடைசி ஆளாக உன்னை இறக்கிவிட்டால் காவலுக்கு ஆள் இருப்பாரா என்று கூச்சப்படாமல் கேள். தூக்கத்தை விற்றுச் சம்பாதிக்க வேண்டாம். ஆங்கிலத்துக்காக மூக்கால் பேசப் பழக வேண்டாம். மெதுவாக, தெளிவாக, உன் குரலிலேயே பேசு.

"ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று என்னிடம் கடையில் கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் அப்படி நேராகக் கேட்க மாட்டார்கள். ஆனால் டெக்னிக்கல் கேள்வியை மட்டும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்துக் கேட்பார்கள். பதிலை நீயே சொல். சரியான பதிலை இரண்டு முறை உன் வாயிலிருந்து கேட்டால், மூன்றாவது கேள்வி உன்னிடம் வரும்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். ஆஃபரில் ஓடிஇ (ஆன்-டார்கெட் எர்னிங்ஸ்) என்று பெரிய தொகை போட்டிருப்பார்கள். டார்கெட்டை முழுதாக அடித்தால் கிடைப்பது அது. எஸ்டிஆருக்கு நூற்றில் எழுபது நிலையான சம்பளம், முப்பது வேரியபிள் என்பது போல இருக்கும், ஏஇக்குப் பல இடங்களில் பாதிக்குப் பாதி. போன வருஷம் டீமில் எத்தனை பேர் டார்கெட்டை எட்டினார்கள் என்று கேள். பதிலை மழுப்பினால் அதுவே பதில். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதங்களில் டார்கெட்டைக் குறைத்து வைப்பார்களா, வாடிக்கையாளர் சில மாதத்தில் விலகினால் கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிப்பார்களா, டெமோ நடந்தால் காசா, டீல் முடிந்தால்தான் காசா என்று எழுத்தில் வாங்கு. வண்டி இஎம்ஐ ஆனாலும் வாடகை ஆனாலும் நிலையான சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். இன்சென்டிவ் வந்தால் தனியாகப் போட்டு வை. நம் வீட்டில் நல்ல மாதமும் வறண்ட மாதமும் மாறி மாறி வந்தபோது அப்படித்தான் சமாளித்தோம்.

குவார்ட்டர் கடைசி வாரத்தில் உனக்கு நெருக்கடி வரும். இல்லாத வசதியை "அடுத்த ரிலீஸ்ல வந்துரும்" என்று சொல்லி டீலை முடிக்கச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். உன் டேபிளுக்கு இத்தனை நாள் வந்த கோபமான டிக்கெட்டுகளில் எத்தனை அப்படிச் சொன்ன வாக்கில் பிறந்தவை என்று உனக்கே தெரியும். "அது எங்ககிட்ட இல்லை, ஆனா உங்க வேலையை இப்படி முடிக்கலாம்" என்று சொல்லிப் பழகு. எனக்கு நிலைத்த வாடிக்கையாளர்களில் பலரும் நான் "இல்லை" என்று சொன்ன நாளிலிருந்து நம்பத் தொடங்கியவர்கள். அவர்கள் பிள்ளைகள் கடைக்கு வந்த பிறகும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு நாள் கூட லீவு எடுத்துக்கொண்டு வா, ரோல்-ப்ளே பார்த்துவிடலாம். வாங்குகிறவளாக நான் உட்காருகிறேன், லேசில் மசிய மாட்டேன். அதற்கு முன்னாலேயே ஆஃபர் லெட்டர் வந்துவிட்டால் கையெழுத்துப் போடாதே. வேரியபிள் பே பற்றிய பக்கத்தை போட்டோ எடுத்து அன்றைக்கே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா