அக்கா, பாட்டிலைத் திறந்துவிட்டேன்

அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியிலிருந்து நாம் வாங்கிவந்த அந்த ஒயின் பாட்டிலைத் திறந்துவிட்டேன். உன் கல்யாணத்தின் பத்தாவது வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து திறப்பது என்றுதான் பேச்சு. அந்த வருஷம் வந்தது, போனது. நீயும் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

நீ இந்த பிளாக்கைப் படிப்பதாக அம்மா சொன்னாள். உன் வீட்டிலும் சிலர் படிக்கிறார்களாம். அதனால் சில இடங்களில் வாயை மூடிக்கொண்டுதான் எழுதுவேன். உனக்குப் புரியும்.

2018 அக்டோபரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒயின் இல்லை. லா மோர்ராவிலிருந்து பரோலோவுக்குத் திராட்சைத் தோட்டங்களின் நடுவே நடந்து இறங்கினோமே, அந்த வழியில் இருந்த கோயில்தான். காலைப் பனிமூட்டம் பள்ளத்தில் இன்னும் கலையவில்லை. 'நெப்பியா' என்றால் பனிமூட்டம், அதிலிருந்துதான் நெப்பியோலோ என்று இந்த ஊர் ஒயின் திராட்சைக்குப் பேர் வந்தது என்பார்கள் என்று நான் பாடம் எடுத்துக்கொண்டே வர, நீ காதில் வாங்காமல் முன்னே போய்க்கொண்டிருந்தாய். திடீரென்று சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அது வந்து நின்றது. "நம்ம ஊர் எல்லைச்சாமி கோயில் மாதிரியே இருக்குடி" என்றாய். அந்தக் குளிரில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கண்ணை மூடி நின்றாய். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

அது கோயிலே இல்லை, அக்கா. தோட்ட வேலைக்காரர்கள் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒதுங்க 1914-இல் கட்டியது. அங்கே பூசை நடந்ததே இல்லை. பாழடைந்து கிடந்ததை 1999-இல் இரண்டு ஓவியர்கள், வெளியே சோல் லெவிட்டும் உள்ளே டேவிட் ட்ரெம்லெட்டுமாக, வர்ணம் அடித்துக் கொடுத்தார்கள். அன்று இரவே படித்துத் தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை.

அன்று இரவு செய்த இன்னொரு காரியத்துக்கு வருகிறேன்.

ஒயின் வீட்டு முற்றத்தில் எடுத்த படம். பின்னால் டிராக்டரில் திராட்சைக் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. நீ முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "வாழைப்பூவைப் பச்சையாக் கடிச்ச மாதிரி இருக்கு." கொஞ்சம் பொறுத்து மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, "கல்யாண மாலை காஞ்சா வருமே, அந்த வாசனை." ஊற்றிக்கொடுத்த அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்த ஊர் பேரையே வைத்த பரோலோ ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் தாரும் ரோஜாவும் என்பார்கள். நீ சொன்னது அதைவிடச் சரி.

எடுத்த படத்தை உன்னைக் கேட்காமல் ராத்திரியே போட்டேன். தப்பு. என் பயணப் பதிவுக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்கிற ஆசை, அவ்வளவுதான். விடிவதற்குள் அது எந்தெந்த வீட்டு போனுக்குப் போனது என்பது உனக்குத் தெரியும். அவர்கள் கிளாஸை மட்டும் பார்க்கவில்லை, இன்னொன்றையும் உற்றுப் பார்த்தார்கள். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். மாமா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள்.

ஆனால் படம் எடுக்கச் சொன்னது யார்? "கிளாஸும் தெரியணும்டி" என்றது யார்? ஊருக்கு வந்ததும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "அது திராட்சை ஜூஸ், அவதான் கையில திணிச்சா." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு வேறு வழி இல்லை என்று அப்போதே தெரியும். தெரிந்தாலும் வலித்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நான் குடிகாரி. நம்மூர் ஒயின் ஷாப்பில் போய் ஒயின் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அந்த லட்சணத்தில் எனக்கு இப்படி ஒரு பேர்.

பாட்டிலுக்கு வருகிறேன். 38 மாதமாவது வைத்திருந்து, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் போட்டு எடுத்தால்தான் பரோலோ என்று பேர் வைக்கலாம். அதனால் நாம் போனபோது கடைக்கு வந்திருந்தது 2014 அறுவடையின் ஒயின். உன் கல்யாண வருஷம் என்று நீ அதையே பிடிவாதமாகக் கேட்டாய். அந்த வருஷம் கோடையெல்லாம் மழை, கொஞ்சம் மெலிந்த ஒயின், ரொம்ப நாள் வைக்காதீர்கள் என்று அந்த அம்மா சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. கல்யாண வருஷத்தைப் பற்றி அப்படி எப்படிச் சொல்வது?

சென்னை வெயிலில் வேறு எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், இட்லி மாவுக்குப் பின்னால் கிடந்தது. கார்க் காய்ந்துபோய் உதிர்ந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். ஓரத்தில் செங்கல் நிறம். துவர்ப்பு முக்கால்வாசி போய்விட்டது. காய்ந்த மாலை வாசனை மட்டும் இருந்தது. நன்றாக இருந்தது என்றால் பொய். கெட்டுப்போகவில்லை. அரை டம்ளர் குடித்துவிட்டு மூடி வைத்தேன்.

அடுத்த அக்டோபரில் மறுபடி போகிறேன். தனியாக. டிக்கெட் போட்டாகிவிட்டது.

அப்புறம் ஒன்று. படத்தை அழித்துவிட்டேன் என்று அன்று உன்னிடம் சொன்னேன். போட்ட இடத்திலிருந்து எடுத்தேன், அழிக்கவில்லை. நான் போட்டது இடுப்புக்கு மேல் வெட்டிய படம். முழுப் படம் என் போனில் இருக்கிறது. அதில் உன் ஷூ லேஸ் இரண்டும் அவிழ்ந்து தரையில் கிடக்கின்றன. அந்தக் கோயில் வாசலில் கழற்றியவள் திரும்பக் கட்டவே இல்லை, அப்படியே மலை இறங்கியிருக்கிறாய்.