மணி அடித்துவிட்டு வாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு காலைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வெட்டுவாங்கேணியைத் தாண்டி என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் இரண்டு பேர் ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருந்தார்கள். ஆனால் அந்தக் கேமரா முன்பக்கம்தான் பார்த்திருக்கும். நடந்தது உங்களுக்குப் பின்னால். நான் பின்னால் வந்தவள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீலாங்கரையில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை ராத்திரியில் பார்த்துக்கொள்வது என் வேலை. காலை ஐந்தரைக்கு மாற்று ஆள் வந்ததும் சைக்கிளை எடுத்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் இஞ்சம்பாக்கத்தில் என் வீடு. வழியில் டீக்காரப் பெரியவரைப் பார்ப்பேன். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தினமும் அதே நேரம், அதே ஓரம். இஞ்சம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அவர் வண்டியை நிறுத்தியதும் முதல் டீ எனக்கு. அந்த டீ இல்லாமல் வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கமே வராது. டீ குடித்துவிட்டுத் தூங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் வண்டியை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கேரியரில் பத்து லிட்டர் டீ கேன், ரப்பர் கயிறு போட்டு இறுக்கியது. ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் பிஸ்கட் பை, இன்னொரு பக்கம் பேப்பர் கப். பின்னால் அவ்வளவு பாரம் இருந்தால் முன் சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஹேண்டிலை ஒரு விரற்கடை திருப்பினால் வண்டி ஒரு சாண் போகும். உள்ளே டீ வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். கம்பி பிரேக் பிடித்ததும் நிற்காது, யோசித்துவிட்டுத்தான் நிற்கும். நின்றாலும் ஒற்றைக் காலை ஊன்றி அந்தப் பாரத்தைத் தாங்க இந்த வயதில் முடியாது. நேர்கோட்டில், ஒரே சீராக, யாரும் திடுக்கிட வைக்காமல் போனால்தான் அவர் டீ ஊர் போய்ச் சேரும்.

அன்றைக்கு இன்னும் சரியாக விடியவில்லை. உங்கள் ஆட்கள் பதினைந்து இருபது பேர் என்னைக் கடந்தார்கள். மூன்று பேர் மூன்று பேராக, பேசிக்கொண்டே. சத்தமே இல்லை. காற்று மாதிரி வந்தார்கள், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பெரியவரை நெருங்கியதும் முன்னால் போனவர் கத்தினார்: "ஆன் யுவர் லெஃப்ட்! லெஃப்ட்! லெஃப்ட்!"

பெரியவர் சொன்னதைக் கேட்டார். லெஃப்ட்டில் ஒதுங்கினார்.

அந்த இடத்தில் லெஃப்ட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, தார் முடிகிற விளிம்பில் நாலு விரல் பள்ளம். அதற்கப்புறம் மணல். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, ஹேண்டில் மடங்கியது, வண்டி அவர் மேலேயே சாய்ந்தது. கேனின் மூடி தெறித்துக்கொண்டு போனது. டீ மணலில் இறங்கிய இடத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. எழுந்ததும் அவர் காலைப் பார்க்கவில்லை. சிதறிக் கிடந்த பேப்பர் கப்புகளைத்தான் பொறுக்கினார், ஒவ்வொன்றாக ஊதி மணலைத் தட்டினார். மனைவி மூன்று மணிக்கு எழுந்து காய்ச்சிக் கொடுத்த டீ. நூறு கப்புக்கு மேல் வரும், கப் பத்து ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டம் போய்விட்டது. நியாயமாகச் சொன்னால் ஒருவர் மட்டும் நின்றார். கொஞ்ச தூரம் தள்ளி நின்று, முதலில் மணிக்கட்டில் இருந்த வாட்சை அழுத்தினார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்து "ஓகேவா, அங்கிள்?" என்றார். பெரியவர் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார். அவரும் வாட்சை மறுபடி அழுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். நின்ற நேரம் கணக்கில் சேரக்கூடாது என்பதற்காக வாட்சை நிறுத்துவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வெந்துபோன காலோடு ஒரு மனிதர் மணலில் உட்கார்ந்திருந்த அந்த அரை நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை.

பெரியவர் உங்களைத் திட்டவில்லை. "லெஃப்ட்டுன்னாங்கம்மா, அதான் ஒதுங்குனேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தப்புத் தன்னுடையது என்கிற மாதிரி.

அந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் என்று பாட்டியின் மகனிடம் கேட்டேன். அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் சிரித்துவிட்டார். அங்கே சாலையில் வலது ஓரமாகப் போவார்களாம். முந்துகிறவர் இடது பக்கமாக வருவாராம். அதனால் "உன் இடப்பக்கம் வருகிறேன், அப்படியே இரு" என்று சொல்ல அந்த வார்த்தையாம். நம் ஊரில் போவது இடது ஓரம், முந்துவது வலப்பக்கம். நீங்களும் அன்றைக்கு வலப்பக்கமாகத்தான் முந்தினீர்கள். வாயில் மட்டும் லெஃப்ட். வீடியோவில் பார்த்ததை நம் சாலைக்குத் திருப்பிக்கூடப் போடாமல் அப்படியே கத்தியிருக்கிறீர்கள்.

நம் சாலையில் இந்த இரண்டு வார்த்தைக்கும் வேறு அர்த்தம் உண்டு. கண்டக்டர் "ரைட் ரைட்" என்றால் வண்டி கிளம்பலாம். லாரி கிளீனர் கதவைத் தட்டி "லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா" என்றால் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். லெஃப்ட் என்றால் ஒதுங்கு என்றுதான் அவர் காது பழகியிருக்கிறது. அந்தக் காதைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சைக்கிளில் மணி மாட்டுங்கள். மாட்டினால் மட்டும் போதாது, தூரத்தில் வரும்போதே அடியுங்கள்.

மணி வைத்தால் எடை கூடும் என்று உங்கள் குழுவில் இருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், நிஜமாகவே சொன்னார். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை இருக்குமா அது? பத்து லிட்டர் டீயோடு போகிறவரின் வண்டியில் மணி இருக்கிறது. துருப்பிடித்த மணிதான், கட்டை விரலால் இரண்டு தடவை தள்ளினால்தான் சத்தம் வரும். ஆனால் இருக்கிறது.

நான் புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். 1992இல் அங்கே எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றோம். எனக்கு அப்போது பதினான்கு வயது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் குரங்குப் பெடல் போட்டோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா பேலன்ஸ் கற்றுத்தருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மணி அடிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு தட்டு தட்டினால் "வருகிறேன்". இரண்டு தட்டினால் "கொஞ்சம் அவசரம்". நிறுத்தாமல் அடித்தால் பிரேக் இல்லை என்று அர்த்தம், எல்லோரும் வயலில் குதித்துவிடுங்கள். விறகுக் கட்டோ புல்லுக் கட்டோ ஏற்றி வருகிறவர் எதிரே வந்தால் வெறும் வண்டிக்காரர்தான் ஒதுங்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. செயின் கழன்று நிற்கிறவரைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனால் ஊருக்குள் பேச்சு வரும்.

எங்கள் பக்கம் குறை இல்லையா என்றால், உண்டு. எங்களில் பாதிப் பேருக்கு பின்னால் சிவப்பு விளக்கு கிடையாது. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானே இரண்டு மூன்று முறை அப்படி வந்திருக்கிறேன். அதற்கு நீங்கள் எங்களைத் திட்டலாம், தமிழிலேயே திட்டலாம்.

உங்கள் சட்டையின் முதுகில் ஒரு வாசகம் அச்சடித்திருக்கிறீர்கள். கார் ஓட்டுகிறவர்கள் சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டுமாம். நல்ல வாசகம், நானும் அதைத்தான் கேட்கிறேன். அன்றைக்கு அந்தச் சட்டை போட்டவர் பெரியவரின் முழங்கைக்கும் தன் ஹேண்டிலுக்கும் நடுவே எத்தனை அடி விட்டார் என்று அவருடைய கேமராவையே கேளுங்கள். காருக்கு ஒரு நியாயம், கார்பன் சைக்கிளுக்கு ஒரு நியாயமா?

உங்களுக்கு 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம் உண்டு என்று கேள்விப்பட்டேன். அதை ஓட்டி முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, மதிக்கிறேன். இவர் தினம் முப்பது கிலோமீட்டராவது பாரத்தோடு ஓட்டுகிறார். நீங்கள் சைக்கிளிஸ்ட், அவர் சைக்கிள்காரர். உங்கள் சைக்கிள் ஹாலில் சுவரில் தொங்குகிறது. நான் வேலை செய்யும் அபார்ட்மென்டில் என் சைக்கிளை கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள், வெளியே குப்பைத் தொட்டிப் பக்கத்தில் சங்கிலி போட்டு வைக்க வேண்டும். ஜூன் 3 உலக சைக்கிள் தினம் என்று நீங்கள் ஊர்வலம் போகிறீர்கள். 2020இல் அதே ஜூன் 3 அன்றுதான் அட்லஸ் சைக்கிள் கம்பெனி டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் இருந்த தன் கடைசி ஆலையை நிறுத்தியது. பெரியவர் ஓட்டுவது அட்லஸ். மடங்கிப் போன ஃபோர்க்குக்கு மாற்று தேடி மெக்கானிக் இரண்டு நாள் அலைந்துவிட்டு, கடைசியில் பழையதையே அடித்து நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறக்குறைய 45 விழுக்காடு வீடுகளில் சைக்கிள் இருந்தது. அந்த வீடுகளில் எத்தனை பேர் ஹெல்மெட்டில் கேமரா வைத்திருப்பார்கள்?

சரி, எங்கேயோ போய்விட்டேன். பதக்கத்துக்கும் சுவருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவள் எழுதுவது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் நல்லவர்கள் என்பதும் தெரியும். போன மழைக்காலத்தில் அக்கரை பக்கம் என் டியூப் பஞ்சரானபோது உங்கள் குழுச் சட்டை போட்ட ஒரு பெண் நின்று, தன் பம்பை எடுத்துக் காற்றடித்து, அது நிற்காது என்று தெரிந்ததும் பஞ்சர் கடை வரை என்னோடு தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் தன் வாட்சைத் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெரியவருக்குப் பணம் கேட்டு இந்தக் கடிதம் எழுதவில்லை. அவர் வாங்கவும் மாட்டார். யாராவது வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார், அது உங்கள் விருப்பம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் ஹெல்மெட் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் அல்லவா, அதோடு மணி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாதவரைக் கிளம்ப விடாதீர்கள். பாரம் ஏற்றியவரைக் கடக்கும்போது ஒற்றை வரிசையாகி, வலப்பக்கம் நன்றாக விலகிப் போங்கள். கத்தித்தான் ஆகவேண்டும் என்றால் "பெரியவரே, வர்றோம்" என்று சொல்லுங்கள், போதும்.

வரும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் அதே நேரத்துக்கு, அதே ஓரத்தில் வருவார். கால் இன்னும் ஆறவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். விழுந்ததில் கேனின் குழாய் நெளிந்துவிட்டது, வழி நெடுக டீ சொட்டுகிறது. தாரில் அந்தச் சொட்டு தெரிந்தால் அவர் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போதே மணியை அடித்துவிடுங்கள், தயவு செய்து.

இப்படிக்கு,
இஞ்சம்பாக்கத்துச் சைக்கிள்காரி ஒருத்தி